வந்தாலும் போ, போனாலும் போ

லண்டனுக்கு வந்து நான் முதலில் பழகிய பாஷை ஆங்கிலம் அல்ல, யொரூபா. ஊருக்கு எழுதிய கடிதங்களில் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா அதை யாரிடமாவது காட்டி விளக்கம் கேட்டிருப்பார். விளக்கம் சொல்லக்கூடியவர் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. வால்தம்ஸ்டோவில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை எனக்கு ஷிப்ட். ஹோட்டல்களின் கட்டில் விரிப்புகளும் துவாய்களும் லொறியில் அழுக்காக வந்து, லொறியில் வெள்ளையாகப் போகும். வேலை செய்தவர்களில் பாதிப்பேர் நைஜீரியாவிலிருந்து வந்த யொரூபாக்காரர். மற்றப் பாதியில் பெரும்பங்கு, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் தமிழர். வெள்ளைக்காரர் என்று முகாமையாளர் ஒருவரும் லொறிச் சாரதிகள் இருவரும் இருந்தார்கள். சாரதிகள் பேசிய ஆங்கிலம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. ஆகவே அங்கே வேலை யொரூபாவில் நடந்தது. வழி விடு, தூக்கு, நிறுத்து, தேத்தண்ணி நேரம், எல்லாம் யொரூபா. அது தெரியாதவன் கையைச் சுட்டுக்கொள்வான்.

நான் நின்ற இடத்துக்கு ரோலர் என்று பெயர். ஈரமாக உள்ளே போகும் விரிப்பு கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே ஓடி, மறுபக்கம் அப்பளம் போல விறைத்து வரும். அதை இருவர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடித்து, விலகி, மறுபடி நெருங்கி மடிக்க வேண்டும். என் எதிர் முனையில் நின்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு யொரூபாப் பெண். எல்லாரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய ஊரிலும் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எங்களுடைய ஊரிலும் கூடாது. முகாமையாளர் மட்டும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதைக் கேட்டு இரண்டு தரப்பும் சேர்ந்து கூச்சப்படுவோம்.

முதல் நாள் அன்ரி விரிப்பின் முனைகளைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்து, "வா," என்றார். நான் போனேன். மடித்தோம், விலகினோம். "வா," என்றார் மறுபடியும். மூன்றாம் தடவைதான் எனக்கு உறைத்தது, இந்த அம்மா என்னோடு தமிழ் பேசுகிறார் என்று. கேட்டேன். தமிழ் என்றால் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். யொரூபாவிலும் வா என்றால் வா. அன்று முழுக்க எங்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. தேவையில்லாத இடத்திலும் வா, வா என்று கூப்பிட்டு விரிப்புகளை மடித்தோம். எங்கள் பேச்சு ஆளுக்கொரு விதமான ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கே அதைத் தமிழில் எழுதிவிடுகிறேன், இருவருடைய மானமும் காப்பாற்றப்படும்.

அந்த ஒரு சொல்லை நம்பி நான் மற்றச் சொற்களுக்குள் இறங்கினேன். அங்கேதான் காது சதி செய்தது. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்து, "பாவோ நி?" என்பார்கள். புதிதாக வந்த நம்மவர் காதில் அது "பாவி நீ" என்று விழும். எப்படிச் சுகம் என்பதுதான் அர்த்தம். நல்ல சுகம் என்பதற்கு "டாடா நி." வந்ததும் வராததுமாக டாடா காட்டுகிறார்களே என்று நாங்கள் முழிப்போம். ஒரு பொருளை எடுத்துக் கொடுத்தால் "எ ஷே" என்பார்கள். நன்றி என்பதுதான், ஆனால் கொடுத்தவனுக்கு யாரோ "ஏ, சே" என்று முகம் சுளித்த மாதிரி இருக்கும். ஓம் என்பதற்கு "பேணி." யாழ்ப்பாணத்தில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கிற தகரக் குவளைக்குப் பெயர் பேணி. ஓர் ஆள் ஆமோதிக்கும்போதெல்லாம் குவளையைத் தேடுகிறவர்களாக ஆகிவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு "எ" போட வேண்டும், மூத்தவரோடு பேசினால். நான் ஒரு நாள் காலை அன்ரியிடம் அதை விட்டுவிட்டு வெறும் "காரோ" என்று வணக்கம் சொன்னேன். அவர் கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டார்.

"நான் என்ன உன் தங்கச்சியா?"

அதை ஓர் ஆங்கிலேயருக்கு விளங்கப்படுத்த ஒரு வாரம் வேண்டும். எனக்கு ஒரு வினாடி போதுமாக இருந்தது. நீங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நீ என்றிருக்கிறேன். விழுந்த விரிப்பை நானே எடுத்து மறுபடி ஈரத்துக்குள் போட்டேன்.

யொரூபாக்காரர் எதற்கும் வாழ்த்துச் சொல்வார்கள். வேலை செய்பவனுக்கு "எ கு இஷே." சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு "எ கு இஜோகோ." குளிருக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று. உட்கார்ந்திருக்கிறாயே, நன்றாக உட்கார்ந்திரு என்று வாழ்த்துகிற ஒரு சனத்தை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் ஊரில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடைப்பது வேறு.

ஆனால் எல்லாச் சொல்லிலும் பெரிய கோளாறு வரவேற்பிலும் விடைபெறுவதிலும் இருந்தது. வருகிறவரைப் பார்த்து "எ காபோ" என்பார்கள். போகிறவரைப் பார்த்து "ஓ டாபோ" என்பார்கள். தமிழ்க் காதுக்கு வந்தாலும் போ, போனாலும் போ. அதிலும் அந்த இரண்டாவதை அவர்கள் சேர்த்து வேகமாகச் சொல்லும்போது சந்தேகமே வராது: ஓடடா, போ. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து அட்டையைக் கடிகாரத்தில் குத்திவிட்டுத் திரும்பினால், சிரித்த முகத்தோடு ஒருவர் உங்களை ஓடடா போ என்பார். நான் முதல் தடவை கேட்டபோது என்ன பிழை விட்டேன் என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு போனேன்.

மறுநாள் அன்ரியிடம் கேட்டேன். அவர் விரிப்பை மடித்தபடியே சொன்னார்.

"ஆபோ என்றால் திரும்பி வருவது. ஓ டாபோ என்றால் நீ திரும்பி வரும்வரை என்று அர்த்தம். போகிறவனிடம் போ என்று சொல்லலாமா? அது கெட்ட சகுனம் அல்லவா?"

எனக்குப் புல்லரித்தது என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனாலும் புல்லரித்தது. எங்கள் வீடுகளிலும் போறன் என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்தால் திட்டு விழும். போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும், அல்லது வெறும் வாறன். அன்ரியும் அதே ரகம். கழிவறைக்குப் போகும்போதுகூட ஆங்கிலத்தில், "நான் வருகிறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் எதிர்த்திசையில் நடப்பார்.

அந்த வருடம் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். அன்ரியை அந்த இடத்துக்குப் போட்டார்கள், ஆறு மாதப் பரீட்சார்த்தமாக. மேற்பார்வையாளருக்கு நீலக் கோட்டு உண்டு. ஆறு மாதம் கழிந்து பதவி நிரந்தரமானால் அந்தக் கோட்டின் பையில் பெயரை நூலால் தைத்துக் கொடுப்பார்கள். அதுவரைக்கும் வெறும் பை. இடையில் எழுத்தில் ஒரு முறைப்பாடு வந்தாலும் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ரோலருக்கு வர வேண்டியதுதான். அன்ரி ஒன்பது வருடம் ரோலரில் நின்றவர். சூட்டில் அவருடைய விரல் நுனிகள் வெடித்து, குளிர்காலத்தில் ஊசி பிடிக்க முடியாமல் இருந்தன. அந்தக் கோட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வோர் இரவும் இஸ்திரி போட்டார். சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் ஒருவர் துணியை வீட்டில் இஸ்திரி போடுகிறார் என்றால் அந்தத் துணி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த கூத்து இனித்தான் வருகிறது.

வாரத்துக்கு ஒருவர் இருவர் என்று புதிய தமிழர் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பாவோ நி, டாடா நி என்று ஆதியிலிருந்து சொல்லிக்கொடுத்து எனக்கு வாய் வலித்தது. ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கி, நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் யொரூபாச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். வலப்பக்கம் அர்த்தம். அட்டையில் "புதிதாக வருபவர்களுக்கு" என்று பெரிதாகப் போட்டேன். ஓயிம்போ என்றால் வெள்ளைக்காரர். ஓகா என்றால் பெரியவர், முகாமையாளர் போன்றவர், அவர் காதில் விழச் சொல்லலாம், சந்தோஷப்படுவார். வஹாலா என்றால் கரைச்சல், தொல்லை, இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பீர்கள். "எ" போடாமல் அன்ரியோடு பேசியவர்களுக்கு நான் பொறுப்பல்ல.

ஓ டாபோவுக்கு வந்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. வலப்பக்கத்தில் இப்படி எழுதினேன்: "காதில் விழுகிற மாதிரியேதான்."

பகிடிதான். கொப்பியைப் பார்த்த பொடியன்கள் எல்லாரும் சிரித்துவிட்டு, உண்மையில் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவுமில்லை, கேட்கவுமில்லை.

அவர் ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். நாங்கள் அவரைக் கிளாக்கர் ஐயா என்றோம். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சலவைத் தொழிற்சாலைக்கு வந்த ஒரே மனிதர் அவர்தான். பட்டியை மடித்துச் சட்டைக்குள் செருகிவிட்டு ரோலருக்கு வருவார். ஊரில் ஒரு பிரிவு முழுவதையும் நடத்தியவருக்கு, இங்கே ஒரு பெண் வந்து விரிப்பின் முனையை இப்படிப் பிடி என்று காட்டுவது பொறுக்கவில்லை. கறுப்பின மக்களுக்கு எங்கள் ஊரில் ஒரு கெட்ட பெயர் வழங்கியது, நான் அதை இங்கே எழுதமாட்டேன். முதல் வாரம் அந்தச் சொல் அவர் வாயில் இருந்தது. எங்களில் பலர் வாயில் இருந்ததுதான். வேலையும் யொரூபாவும் சேர்ந்து கழுவியதில் எங்களுக்குப் போனது, அவருக்கு இன்னும் போகவில்லை.

கிளாக்கர் ஐயாவுக்கு எழுத்து என்றால் எழுத்துத்தான். வாயால் சொல்வதை அவர் நம்பமாட்டார், கடதாசியில் இருப்பதை நம்புவார். என் கொப்பியை இரவல் வாங்கிக்கொண்டு போனார்.

"நல்ல வேலை செய்திருக்கிறீர் தம்பி. ஆவணம் எண்டா இப்பிடித்தான் இருக்க வேணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒரு பெரிய மனிதர் நம்முடைய பகிடியை உண்மை என்று நம்பிக்கொண்டு நடமாடுவதில் ஒரு குறும்பான சுகம் இருக்கிறது, அதை எவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு அன்ரி கடிகாரத்தடியில் நின்று, போகிறவர்கள் எல்லாரையும் பெரிய குரலில் ஓ டாபோ, ஓ டாபோ என்று வழியனுப்புவார். கிளாக்கர் ஐயாவின் காது மடல் சிவக்கும். நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.

மூன்று வாரம் கழித்து முகாமையாளர் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க வேண்டும் என்றார். உள்ளே கிளாக்கர் ஐயா பட்டியை வெளியே எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்ரி நீலக் கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் பூட்டி, கைகளை மடியில் வைத்திருந்தார். மேசையில் ஒரு பெட்டிசம் கிடந்தது. யாழ்ப்பாணத்துக்காரன் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டான், பெட்டிசம் எழுதுவான். இது நான்கு பக்கம், இலக்கமிட்ட பந்திகள், அழகான கையெழுத்து, தயவான கவனத்துக்குக் கொண்டுவருவது என்று தொடங்குகிற ஆங்கிலம்.

முகாமையாளர் கெட்ட மனிதர் அல்ல, கடதாசிக்குப் பயந்த மனிதர். வாசித்தார். முதலாவது, மேற்பார்வையாளர் தினமும் பலர் முன்னிலையில் என்னை நாயைத் துரத்துவது போலத் துரத்துகிறார். இரண்டாவது, தள்ளுவண்டியில் என் முழங்கால் அடிபட்ட அன்று, அவரே ஓடிவந்து சொரி சொரி என்று மூன்று தடவை குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றாவது, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் நடந்து தலைமறைவாகிறார்.

"இணைப்பு ஒன்று," என்று முகாமையாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நூலகத்தில் எடுத்த போட்டோக் கொப்பி. நடுவே கோடு. இடப்பக்கம் ஓ டாபோ. வலப்பக்கம் என் கையெழுத்து.



"இதற்கு இந்த மொழியில் என்ன அர்த்தம் எழுதியிருக்கிறது?" என்று முகாமையாளர் என்னைக் கேட்டார். "அர்த்தம் அதுதான் என்றால் நான் இதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்."

கிளாக்கர் ஐயா என் பக்கம் சாய்ந்து, "தம்பி, உள்ளதை உள்ளபடி சொல்லும், பயப்பிட வேண்டாம்," என்றார்.

பயப்பட வேண்டாமாம். அன்ரி என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லின் அர்த்தத்தை எனக்குச் சொல்லித்தந்தவர் அவர். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அந்தக் கடதாசியில் இருப்பது யாருடைய கை என்பதும் தெரியாது. தன்னைக் காப்பாற்ற வந்தவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. நான் மழுப்பினேன். இது ஒரு சிக்கலான சொல், பல அர்த்தம் உண்டு, சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்று எதையோ உளறினேன்.

அப்போது கிளாக்கர் ஐயா எழுந்து நின்றார். பெட்டிசத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று முகாமையாளரிடம் அனுமதி கேட்டார். பிறகு அந்தக் கச்சேரி ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, நான் என் வீட்டிலிருந்து ஓடினேன். பக்கத்து ஊருக்கு. அங்கிருந்து கொழும்புக்கு ஓடினேன். கொழும்பிலிருந்து இங்கே ஓடி வந்தேன். ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு இந்த அம்மா என்னை ஓடு, போ என்கிறார். இனி எங்கே ஓடுவது என்று மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்கள்."

அவர் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மூன்று வாரமாக நான் பின்னால் நின்று பார்த்துச் சிரித்த காது மடல் இதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. வெட்கத்தில் என் கண்கள் நிறைந்தன. நானும் அதே வழியால் ஓடி வந்தவன்தான்.

"ஐயா, அது பிழை," என்றேன் தமிழில். "அது நான் எழுதினது. பகிடிக்கு எழுதினனான்."

"பகிடிக்கோ?" கிளாக்கர் ஐயாவுக்கு நம்ப முடியவில்லை. "எழுத்திலையோ பகிடி விட்டனீர்?"

பிறகு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கை என்னுடையது, அர்த்தம் பொய், உண்மையான அர்த்தம் எனக்குத் தெரியும், தெரிந்தும் மாற்றி எழுதினேன், அன்ரிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. முகாமையாளர் அன்ரியைப் பார்த்து, உண்மையான அர்த்தம் என்ன என்று கேட்டார். அன்ரி அவருக்குப் பதில் சொல்லவில்லை. கிளாக்கர் ஐயாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நீங்கள் திரும்பி வரும்வரை. அதுதான். நாளைக்கும் வாருங்கள் என்று அர்த்தம். அன்றைக்கு உங்கள் காலில் அடிபட்டதும் சொரி சொன்னேன், நான் அடித்தேன் என்று அல்ல. உங்களுக்கு நொந்ததே என்று. எங்கள் ஊரில் அப்படித்தான்."

கிளாக்கர் ஐயா மெல்ல உட்கார்ந்தார். பட்டியைத் தொட்டுப் பார்த்தார். முகாமையாளர் பெட்டிசத்தில் முதலாவதையும் இரண்டாவதையும் வெட்டினார். மூன்றாவதில் பேனை நின்றது.

"அப்படியானால் போகும்போது வருகிறேன் என்று சொல்வது?"

பிறகு கிளாக்கர் ஐயாதான் தொண்டையைச் செருமினார்.

"அது நாங்களும் சொல்வதுண்டு," என்றார் தரையைப் பார்த்தபடி.

"போகும்போதா?"

"போகும்போதுதான்."

முகாமையாளர் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று இந்தக் கட்டடத்தில் தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்ற ஏக்கம் அந்தப் பார்வையில் இருந்தது. மூன்றாவதையும் வெட்டினார்.

கிளாக்கர் ஐயா அடுத்த நாளே முதலாவது பெட்டிசத்தை வாபஸ் வாங்கி இரண்டு பக்கத்தில் இன்னொரு பெட்டிசம் எழுதிக் கொடுத்தார். அதில் இணைப்பு ஒன்று தவறான ஆவணம் என்றும், அதைத் தயாரித்தவர் பொறுப்பற்றவர் என்றும் ஒரு பந்தி இருந்தது. அன்ரியின் கோட்டு தப்பியது. என்னை முகாமையாளர் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, தண்டனையை அன்ரியின் கையில் விட்டார். அன்ரி என்னை அழுக்குத் துணி பிரிக்கும் மேசைக்கு அனுப்பினார். ஹோட்டல்களில் மனிதர்கள் விரிப்புகளை என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பது அங்கே போனால்தான் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமற்போனது இரண்டு மணிக்கு நடந்தது. கடிகாரத்தடியில் அன்ரி வரிசையாக எல்லாரையும் ஓ டாபோ, ஓ டாபோ என்று வழியனுப்பினார். கிளாக்கர் ஐயாவுக்கு ஒரு விசேஷ ஓ டாபோ, சிரிப்போடு. என் முறை வந்ததும் நிறுத்தினார்.

"குட்பை," என்றார்.

சுத்தமான ஆங்கிலம். ஒரு குறையும் சொல்ல முடியாது. முகாமையாளரும் அதைத்தான் சொல்கிறார், சாரதிகளும் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லில் திரும்பி வருவது இல்லை. நீ போனால் போய்விட்டாய், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் அது என் முதுகில் பட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பாரமாக இருக்கும். கிளாக்கர் ஐயா மூன்று வாரம் என்ன பட்டிருப்பார் என்பதை அன்ரி எனக்குத் தவணை முறையில் காட்டிக்கொண்டிருந்தார்.

சமாதானம் செய்ய ஒரு வழி பார்த்தேன். யொரூபா ஆண்கள் மூத்தவர் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவார்கள் என்று அன்ரி முன்பு ஒருதடவை சொல்லியிருந்தார். ஆர்ச்வே முருகன் கோயிலில் நான் வெள்ளிக்கிழமைகளில் செய்கிற காரியம்தானே. ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் அன்ரி பிரிக்கும் மேசைப் பக்கம் வந்தார். நான் அவர் காலடியில் சிமெந்துத் தரையில் முழுவதாக விழுந்தேன். தரை ஈரம். அந்த நேரம் பார்த்து முகாமையாளர் கதவைத் திறந்தார். ஆள் வழுக்கி விழுந்துவிட்டான் என்று விபத்துப் புத்தகத்தை எடுக்க ஓடினார். எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதினார். நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இரண்டு மணிக்கு மறுபடி, "குட்பை."

இதற்கிடையில் கிளாக்கர் ஐயாவும் அன்ரியும் தேத்தண்ணி நேரத்தில் ஒரே வாங்கில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். இருவருக்கும் நடுவே ஒரு புதிய கொப்பி. நான் அந்தப் பக்கம் போனால் கிளாக்கர் ஐயா அதை மூடிவிடுவார். "இது அத்தாட்சிப்படுத்தின பிரதி, தம்பி," என்றார் ஒருநாள். "உம்மட மாதிரிக் கள்ளப் பிரதி இல்லை." அவருடைய வாயில் முன்பிருந்த அந்தச் சொல் போய்விட்டிருந்தது. அன்ரியை அவர் அன்ரி என்று கூப்பிடுவதில்லை, வயதில் கிளாக்கர் ஐயாதான் மூத்தவர் அல்லவா. "தங்கச்சி" என்றார்.

ஆறு மாதம் முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அன்ரி வந்தபோது கோட்டின் பையில் வெள்ளை நூலில் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, அவரைப் பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. யொரூபாப் பெண்கள் அதற்கும் ஒரு வாழ்த்துச் சொன்னார்கள். நான் தூரத்திலிருந்து, "எ கு இஷே, அன்ரி," என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

இரண்டு மணிக்கு நான் கோயிலுக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு யொரூபாச் சொல் திரும்பக் கிடைப்பதற்கு அர்ச்சனை செய்யலாமா, ஐயரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அட்டையைக் குத்தினேன். குட்பைக்கு முதுகைத் தயாராக்கிக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

"ஓடடா, போ."

நின்றுவிட்டேன். யொரூபாவில் அந்த டா மிருதுவாக உருளும், எனக்குத் தெரியும். இது உருளவில்லை. இது எங்கள் ஊர்ச் சந்தியில் நின்று ஒருவனைக் கலைக்கிற டா. அச்சொட்டான தமிழ். திரும்பிப் பார்த்தேன். அன்ரி பெயர் தைத்த பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் மாதிரி நின்றார். அவருக்குப் பின்னால் கிளாக்கர் ஐயா சாப்பாட்டுப் பெட்டியை அக்குளில் வைத்துக்கொண்டு, கூரையிலுள்ள விளக்கை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்ரி சொன்னது தமிழா, யொரூபாவா, என்னைத் துரத்தினாரா, திரும்பி வரும்வரை என்றாரா என்று இன்றைக்கும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

"வாறன், அன்ரி," என்றேன்.

அவர் விரிப்பின் முனைகளைப் பிடிப்பது போல இரண்டு கைகளையும் பைக்குள்ளிருந்து எடுத்து உயர்த்தினார்.

"வா," என்றார்.